கதறி அழாத தாய்

1
“நான் அழவே இல்லையேம்மா. நீங்க எங்க பாத்தீங்க?”

“நான் அங்க வரலைங்க...”

“அப்புறம் உங்க பேரு எப்படி வந்துச்சு?”

இந்தக் கதை பிறந்தது இந்த மூன்று வரியில்தான். இதை என்னிடம் சொன்னவள் நிருபரான என் நாத்தனார். தொலைபேசியில் கேட்டவர், பட்டறைத் தீயில் மகனைப் பறிகொடுத்த தாய்.

2
‘அன்று காலை அலுவலகமே பரபரப்பாக...’ வேண்டாம், நேராகவே சொல்கிறேன். நாத்தனாரின் பத்திரிகை அலுவலகத்தில் புதிதாக ஒரு மென்பொருள் வந்திருந்தது. காவல் நிலையக் குறிப்பைக் கொடுத்தால் போதும், எந்த நிருபரின் நடையிலும் அரை நிமிடத்தில் செய்தி எழுதிவிடும். அவள் விடுப்பில் இருந்த நாளில், அவள் பெயரிலேயே அது எழுதியது: ‘உடலைக் கண்டு தாய் கதறி அழுதார்.’

(செய்தி ஆசிரியருக்கு அவள்மேல் ஒரு கண் என்று எழுதியிருந்தேன். நாவல் எழுதும் கைப்பழக்கம். அடித்துவிட்டேன். அவர் கண் கடிகாரத்தைவிட்டு நகராது.)

3
ரிசீவரை வைத்தவள், கணினிப் பிரிவுக்காரரிடம் போய் எகிறினாள். இல்லாததை இது எங்கே படித்தது என்று கேட்டாள். அவர் திரையைத் திருப்பினார். அவளுடைய பழைய செய்திகள். ‘கதறி அழுதார்’ நாற்பத்தோரு இடத்தில். அதில் அவள் நேரில் போனது நான்கே நான்கு. மிச்சமெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தபடி, போனில் கேட்டு எழுதியவை.



அந்தத் தாயின் முகம் அப்போது... (இதை நான் எப்படி எழுதுவேன்? நானும் பார்த்ததில்லை. என் நாவல்களில் அம்மாக்கள் அழாத அத்தியாயமே கிடையாது.)

4
மென்பொருளை ஓரங்கட்டினார்கள் என்று முடிக்கலாம். நீங்கள் நம்ப மாட்டீர்கள். அவள் வேலையை உதறினாள் என்றால் என் வீட்டுக்காரரே சிரிப்பார்.

நடந்தது இதுதான். செய்தி சேகரிக்க அவளை வெளியே அனுப்புவதை நிறுத்தி ஆறு வருஷமாகிறது. கேட்க நினைத்து ஆசிரியர் அறைக்குப் போவாள். மின்விசிறி ஓடவில்லை, நாற்காலி ஆடுகிறது என்று எதையாவது சொல்லிவிட்டுத் திரும்புவாள். அன்றும் போய் நின்றாள். அந்த ரெண்டு வார்த்தையை இணையத்திலிருந்து எடுத்தாச்சே, இன்னும் என்ன என்றார் அவர்.

அதன்பின் அவள் கேட்டதற்கு அவர் என்ன பதில் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். எழுத மாட்டேன், அதை நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். அவள் கேட்டது மட்டும் இதோ:

“என்னை அனுப்புங்க சார். அந்தம்மா முகத்தைப் பாக்கணும். இனிமே பாக்காம எழுதச் சொல்லாதீங்க.”