மூன்றடிக் கட்டில்

வசந்தியைக் கூட்டிக்கொண்டு போயிருக்கவே கூடாது. நான் எங்கே கூட்டிக்கொண்டு போனேன், அவளாகத்தான் வந்தாள். இந்த வங்காள ஊரின் மறுகோடியில் இருக்கும் சால்ட் லேக்கிலிருந்து காலையிலேயே காரைப் போட்டுக்கொண்டு டாக்குரியாவுக்கு வந்து, எங்கள் வீட்டு வாசலில் நின்று ஹாரன் அடித்தாள்.

"சுபிக்ஷாவுக்கு ஹாஸ்டல் சாமான் வாங்கப் போறீங்களாமே அண்ணி. அண்ணன் பொண்ணுக்கு நான் செய்யாம வேற யாரு செய்வா?"

அவள் அண்ணன், என் வீட்டுக்காரர், சுபிக்ஷா ஒன்றாம் வகுப்புப் படிக்கும்போதே போய்விட்டார். அதற்கப்புறம் பீஸ் கட்டியது நான். காய்ச்சலுக்குக் கண்விழித்தது நான். ஒரு கம்பெனியில் நாளெல்லாம் பில் போட்டு வாங்குகிற சம்பளத்தில்தான் அத்தனையும் நடந்தது. அப்போதெல்லாம் வருஷா வருஷம் துர்கா பூஜைக்கு மட்டும் ஒரு ஸ்வீட் டப்பாவோடு எட்டிப்பார்த்த நாத்தனார், பெண்ணுக்குக் கோயம்புத்தூரில் இன்ஜினீயரிங் கிடைத்ததும் பர்ஸைத் திறந்துகொண்டு வந்து நிற்கிறாள். என் பெண் என் காசில் வாங்கின சாமானோடுதான் ரயில் ஏறவேண்டும், அதில் ஒரு தலையணை உறைகூட வசந்தி வாங்கினதாக இருக்கக்கூடாது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

கரியாஹாட் நடைபாதைக் கடைகளுக்குப் போகலாம் என்றேன். வசந்தி முகத்தைச் சுளித்தாள்.

"மால்ல ஏசில நின்னு எல்லாத்தையும் ஒரே எடத்துல வாங்கிரலாமே அண்ணி."

"அந்த ஏசிக்கும் சேர்த்துத்தான் அங்க பில் போடுவான்."

மழை விட்டபாடில்லை. கடைகளுக்கு மேலே கட்டியிருந்த நீல பிளாஸ்டிக் ஷீட்டிலிருந்து தண்ணீர் வடிந்து சரியாக வசந்தியின் தோளில் விழுந்தது. பொய் சொல்வானேன், எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அவள் முதலில் எடுத்தது ஒரு கெட்டில். "எம் பையன் ஹாஸ்டல் போறப்போ இதான் வாங்கிக் குடுத்தேன். பசிச்சா நூடுல்ஸ் போட்டுக்கலாம்."

"ராகுல் ஹாஸ்டல் வேற. இங்க கெட்டில் வச்சிருந்தா புடுங்கி வச்சுக்குவாங்க. வார்டனுக்குப் போன் பண்ணிக் கேட்டாச்சு."

"சரி, வாளி?"

"கோயம்புத்தூர்ல வாளி விக்கலியா? ரயில்ல வாளியக் கட்டிப் புடிச்சுக்கிட்டா போவா?"

வார்டனிடம் நான் கேட்காதது எதுவும் இல்லை. மெத்தை அவர்களே கொடுக்கிறார்கள். கட்டில் இரும்புக் கட்டில், மூன்றடி அகலம். எது அங்கே கிடைக்கும், எது இங்கே மலிவு, எது வீட்டிலேயே பழசு கிடக்கிறது என்று எல்லாம் என் மண்டைக்குள் இருந்தது. வசந்திக்கு ஆசை மட்டும்தான் இருந்தது.

அந்த ஆசையில் அவள் ரோஜாப்பூப் போட்ட டபுள் பெட்ஷீட் ஒன்றைத் தூக்கிவிட்டாள். பர்ஸையும் திறந்துவிட்டாள். நான் அதைப் பிடுங்கித் திரும்ப அடுக்கில் போட்டேன்.

"மூணடிக் கட்டிலுக்கு டபுளா? பாதி தரையக் கூட்டும். அளவு தெரிஞ்சுக்கிட்டு வாங்கணும் வசந்தி. காசு இருக்குன்னு கண்ணை மூடிக்கிட்டு வாங்கக் கூடாது."

கடைக்காரனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என் குரல் புரிந்திருக்கும். வசந்தியின் முகம் கறுத்துவிட்டது.

"மா, ஏன் இப்படிப் பேசற?" என்றாள் சுபிக்ஷா. "பாவம், ஆசையா வந்திருக்காங்க."

"ஆசை இத்தனை வருஷமா எங்க போயிருந்துச்சு?"

சுபிக்ஷா போய் அத்தையின் குடைக்குள் நின்றுகொண்டாள். இருவரும் முன்னால் நடந்தார்கள். நான் சிங்கிள் பெட்ஷீட் பையைத் தூக்கிக்கொண்டு நனைந்தபடி பின்னால் போனேன். ஊருக்குப் போகுமுன்னே பெண்ணை அவளிடம் விட்டுவிட்டேனோ என்று பயமாக இருந்தது.

கடைசியாகக் கொசுவலை. இந்த ஊரில் யாரும் அதைக் கொசுவலை என்று சொல்வதில்லை, மொஷாரிதான். நாலு மூலையிலும் கயிறு கட்டி, ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகினால்தான் எங்களுக்குப் படுக்கை. கோயம்புத்தூரில் கொசு இருக்கிறதோ இல்லையோ, மொஷாரி போயாகவேண்டும். அதில் வசந்திக்கும் எனக்கும்கூடச் சண்டை இல்லை.

"சிங்கிளா, டபுளா பௌதி?" என்று வங்காளத்தில் கேட்டான் கடைக்காரன். இங்கே கடைக்காரனுக்கு நாம் பௌதி, அண்ணி; நமக்கு அவன் தாதா, அண்ணன்.

"டபுள்," என்றேன்.

அவன் ஒரு விலை சொன்னான். நான் பாதிக்குக் கேட்டேன். அவன் தலையில் அடித்துக்கொண்டான். நான் நடையைக் கட்டினேன். அவன் கூப்பிட்டான். எல்லாம் முறைப்படி நடந்து, அவன் மொஷாரியை மடித்துப் பையில் போடுகிற நேரத்தில் வசந்தி சிரித்தாள். பெட்ஷீட் கடையிலிருந்து அடக்கி வைத்திருந்த சிரிப்பு அது.

"மூணடிக் கட்டிலுக்கு டபுளா அண்ணி? அளவு தெரிஞ்சுக்கிட்டு வாங்கவேண்டாமா?"

தப்பு என்று உடனே தெரிந்துவிட்டது. ஆனால் என் வாய் சும்மா இருக்குமா? "டபுள்னா காத்தோட்டமா இருக்கும். மடிச்சுக் கட்டிக்கலாம்."

"எங்க கட்டுவா? பக்கத்துக் கட்டில் பொண்ணு தலையிலயா?"

"சிரிக்காதீங்க அத்தை," என்றாள் சுபிக்ஷா. பிறகு என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னாள். "மா, இது நம்ம கட்டில் அளவு."

அவள் அப்பா போனதிலிருந்து நாங்கள் இருவரும் ஒரே மொஷாரிக்குள்தான் படுக்கிறோம். சுவரோரம் அவள், வெளிப்பக்கம் நான். விளக்கை அணைத்ததும் அவளைத் தாண்டிக் கையை நீட்டி, அந்தப் பக்கத்து ஓரம் சரியாகச் செருகியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பேன். இத்தனை வருஷத்தில் எத்தனையோ மொஷாரி கிழிந்து புதிது வாங்கியாயிற்று. வேறு அளவில் ஒன்றை நான் வாங்கியதே இல்லை.

வசந்தியின் சிரிப்பு நின்றுவிட்டது. "விடுங்க அண்ணி. இதை நான் வாங்கித் தரேன்," என்று பர்ஸை எடுத்தாள். அவளுடைய கேலியைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். இந்த இரக்கத்தைப் பொறுக்க முடியவில்லை.

"பர்ஸை உள்ள வை," என்றேன்.

சுபிக்ஷா என் கையிலிருந்த பெட்ஷீட் பையை வாங்கிக்கொண்டாள். அவளும் நனைந்துகொண்டுதான் நின்றாள். நான் கடைக்காரனிடம் டபுளைத் திரும்ப எடுத்து வைக்கச் சொன்னேன்.

"சிங்கிள் குடுங்க தாதா. ரெண்டு."

"ரெண்டு எதுக்கு அண்ணி?" என்றாள் வசந்தி. "போறது அவ ஒருத்திதானே?"

"ஒண்ணு அவளுக்கு. ஒண்ணு எனக்கு."

கடைக்காரன் விலை சொன்னான். அவன் சொன்னதை அப்படியே எடுத்துக் கொடுத்தேன்.