எதிர்மலைக்குத் தெரிந்த விளக்குகள்

நமுனுகுலை மலையின் முடியில் முகில் கவிந்து, அதன் சரிவெங்கும் தேயிலைப் பசுமை மங்கிக் கருத்து, கீழே பதுளைக் கடைவீதியில் விளக்குகள் ஒவ்வொன்றாய்க் கண்விழித்து, தண்டவாளம் முடியும் நிலையத்தில் தொடர்வண்டி இளைப்பாறிக் கிடந்த அந்திப் பொழுதில், நகருக்கு மேலே ஒரு குன்றில் வீற்றிருந்த குன்றகப் பல்கலைக்கழகத்தின் நூலகம் மட்டும் ஒளிவெள்ளத்தில் நின்றது. நல்லதுதானே என்பீர்கள், நூலருமை உணர்ந்த பெருமக்களே! சந்திரகாந்தியும் அப்படித்தான் எண்ணினாள்.

அவள் அந்நூலகத்தின் தலைவி. கடைவீதியில் புடைவை வாணிகம் செய்யும் குடும்பத்தில் பிறந்தவள். கடைக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பலாகாது என்று கேட்டு வளர்ந்தவளாதலால், நூலகத்திற்கு வருவோரும் அவ்வாறு திரும்பலாகாதென்று உறுதி பூண்டாள். நடக்கவியலாதார்க்குச் சாய்தளம் அமைத்தாள். மும்மொழியிலும் வழிகாட்டிப் பலகைகள் வைத்தாள். வெயில் தாழுமுன்னே பூட்டப்பட்ட கதவை இரவு எட்டு மணிவரை திறந்து வைக்க வேண்டுமென்று பல்கலைக்கழகத்தை ஆளும் மூதவையின் படிகளில் ஏறி இறங்கினாள். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இங்கே மூதவையே நகர்ந்தது. விடுதி மாணவர்கள் முதல் மாலையில் கைதட்டி ஆரவாரித்தபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் ஒன்றை அவள் மறந்து போனாள். ஒற்றைப் படியாக உள்ள நூல்களைப் பகலில் எவரும் வெளியே கொண்டுபோகலாகாது; கதவடைக்கும் வேளையில் இரவலாகப் பெற்று, மறுநாள் திறக்கும் வேளையில் திருப்ப வேண்டும். இது பழைய வழக்கம். கதவடைப்பு எட்டு மணிக்குத் தள்ளிப்போனபோது இரவலும் கூடவே தள்ளிப்போயிற்று. தோட்டங்களுக்குச் செல்லும் கடைசிப் பேருந்தோ ஐந்து மணிக்கே புறப்பட்டுவிடும். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது!

இதை அவளுக்கு உணர்த்தியவள் விதுஷா. கொழுந்து பறிக்கும் பாக்கியலெட்சுமியின் மகள். மண்ணியல் பயிலும் இறுதியாண்டு மாணவி. அவர்கள் குடியிருந்த, தொழிலாளர் வரிசைவீடான லயத்தின் தகரக் கூரை நூலகச் சாளரத்திலிருந்தே தெரியும். கண்ணுக்கு அண்மை என்பதால் விடுதியில் இடம் மறுத்தார்கள்; பேருந்தோ பள்ளத்தில் இறங்கி மலையைச் சுற்றியல்லவா போகிறது! தன் தோட்டத்து மண்சரிவைப் பற்றி அவள் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தாள். சரிந்த மேட்டில் தெரியும் மண்ணடுக்குகளை அவ்விடத்திலேயே, பகலொளியில், நூலகத்தில் ஒற்றைப் படியாயிருந்த மண்நிற ஏட்டிலுள்ள வண்ணச் சில்லுகளோடு ஒப்பிட்டு நிறம் குறிக்க வேண்டும். படமெடுத்தால் வண்ணம் மாறிவிடும். வார இறுதிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் அவ்வாண்டுப் பட்டம் இல்லை.

"மிஸ், அஞ்சு மணி பஸ்ஸ விட்டா வேற பஸ் இல்லிங்க," என்றாள் விதுஷா. "முன்ன மாதிரி இப்பவே குடுத்தீங்கன்னா, விடியக்காலம் பாத்துட்டு மொத பஸ்லயே கொண்டாந்துருவேன்."

தான் மறந்தது எதுவென்று சந்திரகாந்திக்குப் புரிந்தது. ஏடு அப்போது விடுதி மாணவன் இந்திரஜித்தின் கையில் இருந்தது. அவனுக்குப் பின்னே மேலும் சிலர் காத்திருந்தனர். அவர்களுக்கும் தேர்வு. இருந்தும் அவனிடம் கெஞ்சி வாங்கி விதுஷாவிடம் கொடுத்தாள். ஐயோ, அந்த விடியலில் மூடுபனி மலையை விட்டு விலகவே இல்லை! கைக்கெட்டிய ஏட்டை மார்போடு அணைத்துக்கொண்டு மண்மேட்டின் முன் நின்ற பெண், கறுப்பும் சிவப்பும் பிரித்தறிய இயலாமல் பேருந்தேறித் திரும்பினாள்.

அதற்குள் காத்திருந்தவர்களின் முறையீடு மேலிடத்துக்குப் போய்விட்டது. துணைவேந்தர் அழைத்துக் கேட்டார்: "அம்மையீர், எல்லார்க்கும் ஒரே முறை வேண்டுமென்று மூதவையில் வாதாடியவர் தாங்களே அல்லவா? இனி ஒருவர்க்கென வேறு முறை கூடாது." தன் சொல்லே தன் வாயை அடைக்க, அவள் தலைகுனிந்து வெளியேறினாள்.

எட்டு மணிக்குப் பின் தானே கொண்டுபோய்க் கொடுக்கலாமென்று பேருந்து உரிமையாளர் ஜஸீலிடம் வழி கேட்டாள். மழைக்காலத்தில் மண்சரிவுக்கு அஞ்சி இருட்டியதும் அப்பாதையை அடைத்துவிடுவார்கள் என்றும், விடிந்தபின் போனால் நூலகம் திறக்குமுன் திரும்பவியலாது என்றும் அவர் வருத்தத்தோடு சொன்னார். இன்னொரு படிக்கு எழுதினாள். அது கப்பலில் வர மாதங்களாகும் என்றார்கள். துறைத்தலைவரிடம் தவணை கேட்டாள், அதுவும் கிட்டவில்லை. எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளிருந்தோர் நல்லவர்களாகவே இருந்தார்கள். யாரை நோவது?

தவணைக்கு முந்திய நாள் மாலை விதுஷா வந்து, நூலக வாசலில் வைத்திருந்த தன் பையை எடுத்துக்கொண்டாள்.

"நெறம் எழுத வேண்டிய எடத்த வெறுமனே விட்டுட்டேங்க, மிஸ். பொய்யா எழுத மனசு வரல," என்றாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "நீங்க வருத்தப்படாதீங்க. நல்லதுக்குத்தானே செஞ்சீங்க."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பாள், அந்தச் சொல்லைச் சந்திரகாந்தியால் தாங்க முடியவில்லை. ஐந்து மணிப் பேருந்து உறுமிக்கொண்டு பள்ளத்தில் இறங்கிற்று.

எட்டு மணிக்கு மணி அடித்தது. மாணவர்கள் நன்றி கூறி அகன்றனர். மண்நிற ஏடு மேசைமேல் இருந்தது. அன்றிரவு அதைக் கேட்பார் எவருமில்லை. வானம் துடைத்துவிட்டாற்போல் தெளிந்திருந்தது. நாளைய விடியல் நல்ல விடியலாகத்தான் இருக்கும். கதவை அகலத் திறந்துவிட்டால் எல்லாரும் வந்துவிடுவர் என்று எண்ணுவது, கதவருகே குடியிருப்போரின் எண்ணமே போலும்.

நூலகத்து ஒளி தங்கள் லயத்து வாசலிலிருந்து நன்றாகத் தெரியுமென்று விதுஷா முன்பொருநாள் மகிழ்ச்சியோடு சொல்லியிருந்தாள். அது நினைவுக்கு வரவே, சந்திரகாந்தி விரைந்து போய் விளக்குகளை அணைத்தாள்.