ஆனியில் ஒரு மீன்பிடிப் பயணம்

என் கணவர் வாகீசன் நோர்வேயில் ஆற்றுக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டுதான் எனக்கு வீடியோவில் கதைப்பார். மார்பு வரை ஏறிய ரப்பர் காற்சட்டை, தலையில் கம்பளித் தொப்பி. நான் நயினாதீவில், எங்கள் வீட்டுக் குசினி வாசலில் வேர்த்து வழிந்துகொண்டு அதைப் பார்ப்பேன். கலியாணம் கட்டிப் பதினொரு வருசம். என்னை அங்கே கூப்பிடுவதற்கு இரண்டு தரம் விசாவுக்குப் பத்திரம் போட்டார், இரண்டு தரமும் சரிவரவில்லை. அதற்குப் பிறகு வருசத்தில் மூன்று கிழமைதான் எங்கள் குடும்ப வாழ்க்கை.

அவர் தேடிப் போகிற மீனுக்கு ட்றவுட் என்று பெயர். குளிர்ந்த ஆற்றில் மட்டும் வாழுமாம். இரையும் போடுவதில்லை, இறகாலும் நூலாலும் ஒரு பொய்ப் பூச்சி செய்து, சாட்டை வீசுகிற மாதிரித் தண்ணீர் மேல் வீசி, மீனை ஏமாற்றுகிறார்கள். பிடித்த பிறகு அதற்கு ஒரு முத்தம் கொடுக்காத குறையாகத் தண்ணீருக்குள் திருப்பி விடுகிறார்கள். நயினாதீவில் பிறந்த மனிசன், விடுவதற்கென்று மீன் பிடிக்கிறார். இதை நான் வெளியில் ஒருவருக்கும் சொல்வதில்லை.

புரட்டாதி பிறந்தால் அங்கே பருவம் முடியப்போகிறது. ஆற்றைப் பூட்டுகிற மாதிரி ஒரு நாள் குறித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு தூண்டில் போட ஏலாது. அந்தக் கடைசி நாட்களில் இவருக்கும் சிநேகிதன் சுதாகரனுக்கும் இரண்டு வேலை: இருக்கிற மீனை விடாமல் பிடிப்பது, வாற வருசத்துக்குத் திட்டம் போடுவது. சுதாகரன் புங்குடுதீவான். இரண்டு தீவாரும் சேர்ந்து நோர்வே வரைபடத்தை விரித்து வைத்து, எந்த ஆறு, எந்தக் கிழமை, காலையிலா மாலையிலா என்று குறிப்பார்கள்.

ஒரு ஞாயிறு பின்னேரம் அந்தத் திட்டத்தை வாசித்துக் காட்டினார். வைகாசியில் ஒன்று, ஆவணியில் ஒன்று, பருவக் கடைசியில் ஒன்று. யூன் கடைசி இரண்டு கிழமையும் வடக்கே ஒரு பெரிய ஆற்றுக்கு. அது முடிந்த கையோடு நயினாதீவு.

"ரிக்கற்றும் போட்டிட்டன், சுலோ. யூலை முதல் சனி அங்கை நிப்பன். தேருக்கு நிப்பன்," என்றார்.

எனக்கு உடனே பொறி தட்டியது. எங்கள் தீவு அம்மாள் கோயில் திருவிழா ஆனிப் பறுவத்தை, அந்த மாதத்து முழுநிலவை, பார்த்து வருவது. ஆங்கிலத் திகதிக்காக நிலவு காத்திருக்குமா? இந்த வருசம் தேர் யூலையில் வந்ததால், இவர் அதையே வாற வருசத்துக்கும் எழுதிவிட்டார். நான் முன்பள்ளியில் படிப்பிக்கிறவள், விரல் மடித்துக் கணக்குப் பார்க்கத் தெரியும். பறுவம் பதினொரு நாள் முந்தி வரும். இவர் வந்து இறங்கும்போது தேர் இருப்பிடத்துக்குப் போய், தீர்த்தமும் முடிந்திருக்கும். தேர் ஓடுகிற நேரம் இவர் நோர்வே ஆற்றில் மீன் பிடித்துக்கொண்டிருப்பார்.

அதுதான் பயங்கரம். கோயிலில் திருவிழாக் கொடி ஏறினால் எங்கள் வீடுகளில் மீன் சட்டி பரணுக்குப் போய்விடும். மீன் என்ற சொல்லையே மெல்லமாகத்தான் சொல்வோம். சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன், "நல்லது" என்று மட்டும் சொன்னேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், எனக்கு அவர் வேண்டும். வேறு காரணம் இல்லை. ஒவ்வொரு வருசமும் அவர் திருவிழாவுக்குத்தான் வருகிறார், எனக்கு வருவதில்லை. வீடு முழுக்க வந்தவர்கள் படுக்கிற பாய். அவருடைய தமக்கை கேதீஸ்வரி அக்கா கொழும்பிலிருந்து குடும்பத்தோடு வந்துவிடுவா. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்களே, அது அக்காவைப் பார்த்துச் சொன்னது. இவர் விடிய வேட்டியோடு அன்னதான மடத்துக்குப் போனால் பூசணிக்காய் வெட்டிப் பின்னேரம்தான் வருவார். மிச்ச நாளில் யாழ்ப்பாணம் முழுக்கச் சொந்தக்காரர் வீடு. இந்த முறை மூன்று கிழமையில் நாங்கள் இரண்டு பேரும் தனியாக இருந்து சாப்பிட்டது இரண்டே நேரம். மூன்றாவது நேரம் இலை போட்ட பிறகு யாரோ படலையைத் திறந்தார்கள்.

தீர்த்தம் முடிந்தால் தீவு வெறிச்சோடும். வள்ளத்தில் இருக்க இடம் கிடைக்கும். அந்த வெறுமையில் அவரோடு மூன்று கிழமை இருக்க எனக்கு ஆசை வந்துவிட்டது. அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டேன். பிடித்த மீனைத் திருப்பி விடுகிறவருக்குப் பாவம் பாதிதான் என்றும் எடுத்துச் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு, ஆறு பூட்டுகிற கடைசி நாள், அழைப்பு வந்தது. முகம் செத்துப் போயிருந்தது. வாற வருசம் தேர் யூனில் என்று சுதாகரனின் தாய் சொல்லித் தெரிந்துவிட்டது. பெரிய பிழை விட்டுவிட்டாராம், கொடி பறக்கிற நேரம் மீன் பிடிக்கப் பார்த்தாராம். யூன் பயணத்தை விடப்போகிறார். ரிக்கற்றையும் யூனுக்கு மாற்றப்போகிறார். வேலையிடத்தில் யூனில் மீன்பிடிக்கென்று கேட்ட பத்து நாளுக்கு மேல் லீவு தரமாட்டார்கள், பரவாயில்லை, தேருக்கு நின்றால் போதும் என்றார்.

பத்து நாள். கைக்கு எட்டினது வாய்க்கு எட்டாமல் போகிறது. பத்து நாளும் பூசணிக்காயும் பாயும்.

"மாத்தாதேங்கோ," என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை.

"எனக்கு அண்டைக்கே தெரியும். தெரிஞ்சுதான் பேசாமல் இருந்தனான். அம்மாளின்ரை தேர் இழுக்க ஆயிரம் பேர் வருவினம். எனக்கு நீங்கள் ஒராள்தான். எல்லாரும் போனாப்பிறகு வாங்கோ."

சொல்லி முடிய அழுகை வந்துவிட்டது. பதினொரு வருசமாக அவரிடம் நான் எதையும் கேட்டதில்லை; கேட்டால் வருகிறதும் நின்றுவிடுமோ என்ற பயம். அவர் தூண்டில் தடியைக் கரையில் வைத்துவிட்டு ஒரு கல்லில் போய் இருந்தார்.

"நீர் இவ்வளவு நாளும் இதை மனசுக்குள்ளை வைச்சுக்கொண்டே இருந்தனீர்?"

"ஓம்."

"சரி. ரிக்கற் அப்பிடியே கிடக்கட்டும்," என்றார். அக்காவுக்குத் தானே சொல்லிக்கொள்வதாகவும், அம்மாளுக்கு அடுத்த முறை வந்து செய்வதாகவும் சொன்னார்.

"அந்த மூண்டு கிழமையும் நாங்கள் என்ன செய்யிறது, சுலோ?"

பகிடிக்குக் கேட்கவில்லை, உண்மையாகத்தான் கேட்டார். பதில் சொல்ல வாயெடுத்தேன். குறிகட்டுவான் வள்ளத்துறையில் பஸ்ஸை விட்டு அவர் இறங்குவதை எத்தனை ஆயிரம் தரம் நினைத்துப் பார்த்திருப்பேன். அதற்கு அடுத்த நாளை ஒரு தரமும் நினைத்ததில்லை. அவருக்குப் பின்னேரத்தில் தேத்தண்ணி பிடிக்குமா கோப்பி பிடிக்குமா என்பதுகூட எனக்குச் சரியாகத் தெரியாது.

"தெரியாது," என்றேன். "நீங்கள் வாங்கோ. இருந்து பாப்பம்."