பேய் பிடித்ததாகவே இருக்கட்டும்

காலையில் செல்வகுமாரி கொடுத்த மாத்திரையை ராஜ்மோகன் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தான். மனைவி உள்ளே திரும்பியதும் துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் போய்த் துப்பினான். பத்து நாளாக இப்படித்தான்.

இரண்டு மாதத்துக்கு முன் பாகூர்ப் பக்கம் கரும்பு வெட்டும்போது விழுந்தான். கைகால் இழுத்தது. கையில் திணிக்க இரும்பு தேடினார்கள். கரும்புக் கொல்லையில் வெட்டுக்கத்தியைத் தவிர வேறென்ன இருக்கும்? மேஸ்திரி தங்கவேல் அதையே அவன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். வலிப்பு மூன்று நிமிடத்தில் நின்றது. கைக்கு ஏழு தையல்.

வலிப்பு நோய், ஒரு வேளை மாத்திரைகூட விடக்கூடாது, இப்போதைக்குக் கத்தி வேண்டாம் என்றார் டாக்டர். பேய் என்றது ஊர். ராஜ்மோகன் ஊரை மறுக்கவில்லை. பேயை ஓட்டிவிடலாம், வலிப்புக்காரன் என்ற பேரை எதைக் கொண்டு ஓட்டுவது? பன்னிரண்டாவது படிக்கும் மகளுக்கு நாளைக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டாமா?

அன்று கல்லுக்குப் பின்னால் வெள்ளையாகக் கரைந்து கிடந்ததைக் கோழி கொத்துவதைச் செல்வகுமாரி பார்த்துவிட்டாள்.

"இன்னாய்யா, கோழிக்கா வைத்தியம் பாக்கற?"

"அத முழுங்கனா வலிப்புக்காரன்னு நானே ஒத்துக்கற மாதிரிடி."

"முழுங்காம செத்துட்டா ஊரு இன்னா பேரு வைக்கும்?"

அவன் உட்கார்ந்துவிட்டான். "கக்கூஸ் கதவக்கூட தாப்பா போடாதங்கற. எப்ப வுழுவேன்னு நீயும் பாத்துக்கினே கீற. நான் மனுஷனாவே இல்லடி." அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நாளைக்கே டாக்டராண்ட போய் மாத்திர வுட்டதச் சொல்லுவோம்," என்றாள்.

அப்போது தங்கவேல் வந்தார். கரும்புக் கட்டு கட்டும் தனக்கொடியும் கூட வந்தாள்.

"ஞாயித்துக்கெழம பூசாரி வராருபா. வேப்பல அடிச்சி ஓட்டிட்டா, திங்கக்கெழம நீ கத்தி எடுத்துடலாம்."

தலையாட்டினால் போதும், வேலை திரும்பிவிடும். ஆனால் பக்கத்து ஆள் கால் மேல் கத்தி இறங்கினால்?

"பேயில்லண்ணா. வலிப்பு. கத்தி இப்ப தொடக்கூடாது. தனக்கொடி அக்காகூட கட்டு கட்டறேன்."

"பொம்பள வேலடா அது. இடுப்புல சொருக முந்தான கீதா உனக்கு?" என்றாள் தனக்கொடி.

"துண்டு கீதுக்கா."

அவள் சிரித்துவிட்டாள். தங்கவேல் சிரிக்கவில்லை. "மறுபடி வந்தா?"

"ஒருக்களிச்சிப் படுக்க வையி. கையில இரும்பு வேணாம், வாயில ஒண்ணும் வைக்காத. அஞ்சு நிமிஷத்துக்கு மேல போனா நூத்தியெட்டக் கூப்புடு."

தங்கவேல் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எனக்கு சுகருடா. தெனம் ரெண்டு மாத்திர. எவனும் எனக்குப் பேயோட்ட வரல. நீ மட்டும் ஏன்டா மறைச்ச?"

செல்வகுமாரிதான் பதில் சொன்னாள். "வலிப்பு வந்தது யாரு தப்பும் இல்லண்ணா. அத வெளிய சொல்ல ஒருத்தன் பயப்படறான் பாரு, அது நம்ம எல்லாரு தப்பும்."