கடைமடையின் முன்னுரிமை

மூன்று மாடல்களில் எது வென்றது என்று கணினி காட்டியபோது, சிவதர்ஷினிக்கு அதைத் தூக்கிச் சிராங்கூன் சாலையில் வீசலாம் போலிருந்தது. ஜன்னலுக்கு நேர் கீழே பூக்கடை. அதனால் கணினி தப்பித்தது.

பிறர் எழுதிய கணினி மாடல்களைச் சோதித்து மதிப்பெண் போடுவது அவள் வேலை. இந்த முறை கேட்டிருந்தது கடல் கடந்த ஒரு நாட்டின் ஆற்றுநீர் வாரியம். மழை பொய்த்த ஆண்டில் யாருக்கு முதலில் தண்ணீர், யாருக்கு அப்புறம் என்று கணக்கிட அவர்களுக்கு ஒரு மாடல் வேண்டும். அந்த ஆற்றில் சட்டம் தெளிவு: யாருடைய உரிமைப் பத்திரம் பழையதோ அவருக்கே முதல் தண்ணீர். மிகப் பழைய பத்திரங்கள் கடைமடையில், ஆற்றின் கடைசி மதகை நம்பியிருக்கும் நானூறு குடும்பங்களுடையவை. அடுத்த இருபது ஆண்டுகளுக்கு அவர்கள் வயலுக்குத் தண்ணீர் உண்டா இல்லையா என்பதை இந்த மாடல்தான் சொல்லப்போகிறது.

வென்ற மாடல் அவர்களுக்கு ஒரு சொட்டு விடவில்லை. மேலே இருப்பவன் எடுத்தது போக மிச்சத்தைக் கீழே தள்ளியது. பத்திரத்தின் தேதியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அதற்கு நூற்றுக்கு எண்பத்தாறு. சட்டப்படி ஒழுங்காகப் பங்கிட்ட மாடலுக்கு நாற்பத்தொன்று.

இரண்டு நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் விஷயம் பிடிபட்டது. பிடிபட்டதும் எரிச்சல் முழுக்க அவள்மேலேயே திரும்பியது. பழைய ஆற்றுப் பதிவோடு மாடல் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதற்கு நூற்றில் அறுபதை ஒதுக்கியவள் சாட்சாத் அவளேதான். துறையில் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள் என்று அவளும் யோசிக்காமல் செய்துவிட்டாள். அந்தப் பதிவிலோ, பதினொரு வருஷமாக மேல்மடைக்காரர்கள் கேட்பாரில்லாமல் மதகைத் திறந்து எடுத்த தண்ணீர்தான் இருந்தது. திருட்டை அச்சு அசலாக நடித்துக் காட்டிய மாடலுக்கு அவள் முதல் பரிசு கொடுத்திருக்கிறாள்.

மதியம் ரேஸ் கோர்ஸ் சாலையில் இலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும், மேலாளர் ஞானசேகரனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் கவனம் மீன் தலையில் இருந்தது. மதிப்பெண் முறையை மாற்றி மறுபடி சோதிக்கலாம் என்றதும்தான் நிமிர்ந்தார்.

“மாடல ஓப்பன் பண்ண பிறகு மார்க்க மாத்தக்கூடாதுன்னு கண்டிஷன் போட்டதே நீங்கதானே தர்ஷினி? நான் நடுவுல கைய வச்சிருவேன்னு பயந்து. இப்ப நீங்களே மாத்தினா எப்படி லா?”

அவர் சொன்னது உண்மை. அதனாலேயே அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

“மாத்தல சார். மார்க் அப்படியே இருக்கட்டும். நான் மார்க் போட்ட முறையே தப்புன்னு ரிப்போர்ட் முதல் பக்கத்துல எழுதி, கீழ என் கையெழுத்த போடுறேன்.”

“அப்புறம் ஒருத்தனும் உங்கள மார்க் போடக் கூப்பிட மாட்டான்.”

பரவாயில்லை என்று சொல்லிவிட்டாளே தவிர, உட்லண்ட்ஸில் வீடு போய்ச் சேரும்வரை ரயிலில் அந்த முதல் பக்கத்தை மனதுக்குள் எழுதி எழுதி அழித்தாள். பதினான்கு வருஷமாக, அவள் போட்ட மதிப்பெண் என்றால் மறுபேச்சு கிடையாது. அந்தப் பெயரைத் தன் கையாலேயே கெடுத்துக்கொள்ளக் கசந்தது. ஆனாலும் எழுதினாள். உரிமைப் பட்டியல் ஒன்று சொல்கிறது, ஆற்றுப் பதிவு வேறொன்று சொல்கிறது; இரண்டும் முரண்படுவதால் இந்த மதிப்பெண்களை நம்பி மாடலைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்று நாலே வரி, பள்ளிப் பிள்ளைக்கும் புரியும்படி.

பத்து நாள் கழித்து வாரியத்திலிருந்து பதில் வந்தது.

“தங்கள் நேர்மையான குறிப்புக்கு நன்றி. பட்டியலும் பதிவும் முரண்படுவதைத் தாங்கள் சுட்டிக்காட்டிய பிறகே கவனித்தோம். பதினோரு ஆண்டுகளாகத் தண்ணீர் எடுக்காத நானூறு பத்திரங்களையும் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டோம். இப்போது முரண்பாடு இல்லை. எண்பத்தாறு பெற்ற மாடலையே வாங்குகிறோம்.”

ஞானசேகரன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து அவள் தோளுக்குப் பின்னாலிருந்து படித்தார். அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

“பாத்தீங்களா, நீங்க எழுதினத வரி விடாம படிச்சிருக்காங்க லா” என்றார்.