பிடியில் சுட்ட எழுத்து

அன்று காலையில் பக்கத்து வீட்டு இருசப்பனின் மடக்குக் கத்தி திறக்கவில்லை. என் வீட்டுக்காரர் ராஃபேல் அதைப் பல்லால் கடித்து இழுத்தார். பல் போனால் தோட்டத்து ஆஸ்பத்திரியில் புதுப்பல் வைக்க மாட்டார்கள் என்று திட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே மூட்டில் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, ஒருவழியாகத் திறந்து, அவித்த மரவள்ளிக்கிழங்கை ஆளுக்குப் பாதியாக வெட்டினார். கிழங்கில் மண்ணெண்ணெய் வாடை அடித்தது. அதற்கும் திட்டினேன். அதற்குப் பிறகு அவரை எதற்காகவும் திட்ட எனக்கு வாய்க்கவில்லை.

அது 1951. மலாயாவில் புக்கிட் பெலிம்பிங் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டம். அவசரகாலம் என்று எங்கள் வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டு ஒரே ஒரு வாசல் வைத்திருந்தார்கள். காட்டில் ஒளிந்திருந்து அரசாங்கத்தோடு சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று தினமும் வாசலில் எங்களைச் சோதித்துத்தான் வேலைக்கு விடுவார்கள். ஒரு துண்டுக் கிழங்கு வெளியே போகக் கூடாது. கத்தி போகலாம். கத்தியில்லாமல் தோட்டத்தில் என்ன வேலை நடக்கும்?

பால் வெட்டும் கத்தி ஆபீஸ் சாமான். அதை வேறு எதற்கும் தொடக் கூடாது. வாய் மழுங்கினால் வேலையை மேற்பார்க்கிற மண்டோர் ஒரு வாரத்துக்குப் பேசிக் காட்டுவார். அதனால் கொடி அறுக்க, கோப்பையில் காய்ந்த பாலைச் சுரண்ட, பாம்பு வந்தால் அடித்துப்போட என்று ஆளுக்கொரு சொந்தக் கத்தி வைத்திருந்தார்கள். எல்லாம் மலிவுக் கத்திகள். மலிவாக இருந்ததால்தானோ என்னவோ, அவற்றைப் பற்றி அவ்வளவு பேச்சு.

பக்கத்து வீட்டு இருசப்பன் அண்ணனுடையது கோலசிலாங்கூர் சீனர் கடையில் வாங்கிய மடக்குக் கத்தி. மடக்கினால் விரல் நீளம்தான். மடியில் கிடப்பதே தெரியாது, குனிந்தால் குத்தாது, வாசலில் சோதிக்கிறவனும் அதைப் பார்த்து முறைக்க மாட்டான், குழந்தை கையில் கிடைத்தாலும் திறக்கத் தெரியாது என்று அதன் பெருமைகளை அவர் அடுக்குவார். கடைசியாகச் சொன்னது பெரியவர்களுக்கும் பொருந்துகிறது என்பார் என் வீட்டுக்காரர். உண்மைதான். ரப்பர்ப் பால் மூட்டுக்குள் போய்க் காய்ந்தால் அந்தக் கத்தி சிப்பி மாதிரி மூடிக்கொள்ளும்.

என் வீட்டுக்காரருடையது மடங்காத கத்தி. பழைய லோரி ஸ்பிரிங்கைக் காய்ச்சி ஒரு சீனக் கொல்லர் அடித்துக் கொடுத்தது. ஒரே இரும்பு, பிடியின் கடைசி வரைக்கும் ஓடும். ஆட ஆணியில்லை, ஒட்ட மூட்டில்லை, தண்ணீரில் அலசினால் போதும். ஆனால் நாலு நாள் எண்ணெய் காட்டாவிட்டால் துரு ஏறிவிடும். சைக்கிள் ட்யூபில் அவரே தைத்த உறையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு அவர் நடந்தால், மாப்பிள்ளை பன்றி வெட்டக் கிளம்பிவிட்டார் என்று இருசப்பன் அண்ணன் லயம் முழுக்கக் கேட்கும்படி சொல்வார். என்னைக் கேட்டிருந்தால், ஒன்று மீனுக்கு ஆகாது, மற்றது வெங்காயத்துக்கு ஆகாது என்று சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். வேலைக்காட்டில் கத்திகள் அடிக்கடி விழுந்துவிடும். யாராவது கண்டெடுத்தால் ஆபீசில் கொடுப்பார்கள். மறுநாள் காலையில் பெயர் கூப்பிடுகிற பெரட்டில், ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி அதைத் தலைக்கு மேல் தூக்கி, யாருடையது என்று கேட்பார். உரியவர் கையைத் தூக்கி வாங்கிக்கொள்வார். அதற்காகவே எல்லாரும் பிடியில் அடையாளம் வைத்திருந்தார்கள். சிலருக்கு இரண்டு கோடு, சிலருக்கு ஒரு சுழி. நான் மிஷன் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள். லயத்தில் பாதிப் பேருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பவள். என் புருஷன் கத்திக்கு வெறும் கோடா என்று, கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, பிடியில் ‘ரா’ என்று அழகாகச் சுட்டுக் கொடுத்தேன். தோட்டத்தில் எழுத்துப் போட்ட கத்தி அது ஒன்றுதான்.

அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை, வழக்கமான சண்டை முற்றியபோது, இருசப்பன் அண்ணனின் மனைவி வேலம்மாதான், இப்படி வாயால் வெட்டிக்கொள்வதற்குக் கத்தியை மாற்றி வைத்துப் பாருங்களேன் என்றாள். இருவருக்கும் அது பிடித்துவிட்டது. ஏழு நாள். அதுவரை யாரும் குறை சொல்லக் கூடாது. அடுத்த ஞாயிறு எங்கள் இருவர் முன்னால், மனதில் பட்டதை மறைக்காமல் சொல்ல வேண்டும். கைகொடுத்துக்கொண்டு மாற்றிக்கொண்டார்கள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இருசப்பன் அண்ணன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். கத்தி எங்கேயோ விழுந்துவிட்டது என்றார். என் வீட்டுக்காரருக்கு முகம் சுருங்கிப்போனது. ஆனால் கொஞ்ச நேரத்தில் தேறிவிட்டார். எழுத்துப் போட்ட கத்தி எங்கே போகும், நாளைக்கோ மறுநாளோ கிராணி தூக்கிக் காட்டுவார், தொலைத்தவன் தோற்றவன் என்று சிரித்தார். இருசப்பன் அண்ணன் சிரிக்கவில்லை. பொருளைத் தொலைத்த வருத்தம் என்று நினைத்தோம்.

புதன்கிழமை பெரட்டில் என் வீட்டுக்காரர் கிராணியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வியாழக்கிழமையும் அப்படித்தான்.

வெள்ளிக்கிழமை, அந்தக் கிழங்கைத் தின்றுவிட்டு நாங்கள் பெரட்டுக்குப் போனபோது, கிராணி சிவானந்தத்தின் பக்கத்தில் ஒரு வெள்ளைக்கார இன்ஸ்பெக்டரும் மூன்று போலீசும் நின்றிருந்தார்கள். சாலையில் ஏதோ சோதனை என்றுதான் பேசிக்கொண்டார்கள். பெயர் கூப்பிட்டு முடிந்தது. கிராணி மேசையிலிருந்து கத்தியை எடுத்துத் தலைக்கு மேல் தூக்கினார். எப்போதும் கேட்பது போலவே கேட்டார்.

“இது யாருடையது?”

“நம்மளுதுங்கய்யா,” என்றார் என் வீட்டுக்காரர். முகமெல்லாம் சிரிப்பு. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போகும்போது திரும்பி, “பாத்தியா இருசா, கெடைச்சிருச்சி,” என்றார்.

போலீஸ்காரர் இருவர் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்தார்கள்.

முதல் நாள் சதுப்புக் காட்டோரத்தில் ராணுவம் காட்டுக்காரர்களின் கூடாரம் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறது. ஆட்கள் தப்பிவிட்டார்கள். கத்தி அங்கே கிடந்திருக்கிறது. அதை மொழிபெயர்ப்பாளர் சொன்னபோது என் வீட்டுக்காரர் நம்பாதவர் மாதிரிக் கத்தியையே பார்த்தார். காட்டுக்காரர்களுக்கு எப்போது கொடுத்தாய் என்று கேட்டார்கள். கொடுக்கவில்லை, தொலைந்துபோனது என்றார். எங்கே, எந்த நிரையில், எந்த மர வரிசையில் தொலைத்தாய் என்று கேட்டார்கள். அவர் தொலைத்திருந்தால்தானே சொல்வதற்கு? அவர் திரும்பி இருசப்பன் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு பார்வையில் என் வீட்டுக்காரருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன். பிறகு, ஞாபகமில்லை என்று மட்டும் சொன்னார்.

நான் வாயைத் திறந்தேன். கூட்டத்துக்கு மேலாக என்னைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினார். பேசாதே என்று. இருசப்பன் அண்ணனுக்கு நாலு பிள்ளைகள், வேலம்மாவுக்கு ஏழு மாதம். எங்களுக்குப் பிள்ளையில்லை. அவர் அந்தக் கணக்கைப் போட்டாரா என்று எனக்குத் தெரியாது. நான் போட்டேன். வாயை மூடிக்கொண்டேன். லோரி அவரை ஏற்றிக்கொண்டு போனது. நாங்கள் வழக்கம்போல வரிசையில் நின்று, சோதனை கொடுத்து, வேலைக்குப் போனோம். அன்று நான் என் பங்கு மரம் அத்தனையிலும் பால் வெட்டினேன். வேறு என்ன செய்திருக்க முடியும் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

அன்று பிற்பகல் பக்கத்து வீட்டுக்குப் போனேன். நான் கேட்பதற்கு முன்னால் இருசப்பன் அண்ணன் சொல்லிவிட்டார். செவ்வாய்க்கிழமை அவருடைய நிரைக்குக் காட்டுக்காரர் இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். அரிசி கேட்டார்கள், இல்லை. புகையிலையையும் இடுப்பிலிருந்த கத்தியையும் வாங்கிக்கொண்டு, வெளியே சொன்னால் பிள்ளைகளைப் பார்க்க மாட்டாய் என்று சொல்லிப் போயிருக்கிறார்கள்.

“அவன்கிட்டயாச்சும் சொல்லியிருக்கணும் தங்கச்சி,” என்றார். “பயந்துட்டேன்.”

அவர்மேல் கோபப்பட முயன்றேன். அவர் பயந்தது எனக்கு நன்றாகப் புரிந்தது. அதே பயம்தான் காலையில் என் வாயையும் அடைத்தது.

ஞாயிறு வந்து போனது. திங்கட்கிழமை வேலம்மா தடுத்தும் கேளாமல் அவர் கிராணியிடம் போய் உண்மையைச் சொன்னார். கிராணி நல்ல மனிதர். எப்போதும் கேட்பது போலவே கேள் என்று போலீசார் தன்னிடம் சொன்னார்கள், கத்தி எங்கே கிடைத்தது என்று தனக்கும் சொல்லவில்லை என்று என் முன்னால் கண் கலங்கினார். அவரே இருசப்பன் அண்ணனை அழைத்துக்கொண்டு போலீசுக்குப் போனார். அங்கே அண்ணனையும் பிடித்து வைத்துக்கொண்டார்கள். இந்தக் காலத்தில் கத்தியை எவனாவது பண்டமாற்றுச் செய்து விளையாடுவானா, இரண்டு கூட்டாளிகளும் சேர்ந்து கதை கட்டுகிறீர்களா என்று கேட்டார்களாம். விளையாட்டு இல்லை, எது நல்ல கத்தி என்று பார்ப்பதற்கு என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். மொழிபெயர்ப்பாளரே சிரித்துவிட்டாராம்.

பத்தொன்பது நாள் கழித்து அண்ணனை விட்டார்கள். அதற்குள் என் வீட்டுக்காரர் பேரில் தடுப்புக் காவல் உத்தரவு எழுதி, வடக்கே ஒரு முகாமுக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். மூன்று மனு எழுதினேன். நான் தமிழில் எழுத, கிராணி இங்கிலீஷில் மாற்றிக் கொடுத்தார். மூன்றாவதற்குப் பதில் வந்தது. கத்தி தன்னுடையது என்று கைதி நூற்றுக்கு மேற்பட்ட ஆட்கள் முன்னிலையில், யாரும் கட்டாயப்படுத்தாமல் ஒப்புக்கொண்டிருக்கிறார். பிடியில் அவர் பெயரின் முதல் எழுத்து இருக்கிறது. இரண்டும் பொய் என்று சொல்ல எனக்கு வழியில்லை. இரண்டாவதை எழுதியவளே நான்தான்.

ஒரு தடவை பார்க்க விட்டார்கள். பத்து நிமிடம். நடுவில் கம்பி, பக்கத்தில் தமிழ் தெரிந்த ஒரு காவலர். வழக்கைப் பற்றிப் பேசக் கூடாது என்றார். சாப்பாடு, உடம்பு, லயத்துக் கூரை என்று பேசினோம். மெலிந்திருந்தார். நேரம் முடிகிற சமயத்தில்தான் கேட்டார்.

“ஏழு நாள் ஆயிருச்சே. இருசன் என்ன சொன்னான்?”

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. இருசப்பன் அண்ணனிடம் அந்தக் கத்தி இரண்டு நாள்கூட முழுசாக இல்லை. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கேட்கவும் எனக்கு மனம் வந்ததில்லை.

“நல்ல கத்தின்னு சொன்னாரு,” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். சந்தோஷம்தான். காவலர் எழுந்திரிக்கச் சொன்னார். எழுந்துகொண்டே, குரலைத் தாழ்த்தி, “மடக்குக் கத்தியும் ஒண்ணும் மோசமில்ல புள்ள. அவன்கிட்ட சொல்லிராத,” என்றார்.

நான் சொல்லவில்லை.

ஐந்து மாதம் கழித்து ஆபீசுக்கு ஒரு கடிதம் வந்தது. கிராணி அதை இரண்டு தடவை தனக்குள் படித்துவிட்டுப் பிறகுதான் எனக்குச் சொன்னார். காய்ச்சலும் வயிற்றோட்டமும் கண்டு இறந்துவிட்டார். மூன்று நாளுக்கு முன்பே அடக்கமும் முடிந்துவிட்டது. சாமியார் வந்தாரா என்று கேட்டேன். கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை என்றார்.

இருசப்பன் அண்ணன் பிற்பாடு தோட்டத்தை விட்டுச் சுங்கை பஞ்சாங் பக்கம் நெல் வேலைக்குப் போய்விட்டார். நான் கோலசிலாங்கூரில் தையல் வேலை செய்து பிழைத்தேன். வருஷத்துக்கு ஒரு தடவை, இறந்தவர்கள் திருநாளுக்கு, அவர் சொல்லாமல் கொள்ளாமல் பஸ் நிலையத்தில் வந்து நிற்பார். இருவரும் சேர்ந்து, முகாம் இருந்த ஊரில் என் வீட்டுக்காரரின் கல்லறைக்குப் போவோம். வழியில் அதிகம் பேச மாட்டோம். போன வருஷத்திலிருந்து அவரும் இல்லை. தனியாகப் போய் வருகிறேன்.

அந்த ஊருக்கு மூன்று பஸ் மாற வேண்டும். சாலையைத் தார் போட்டு அகலமாக்கிவிட்டார்கள், பஸ்களும் புதிது. இருந்தாலும் எவ்வளவு சீக்கிரம் கிளம்பினாலும் மூன்றாவது பஸ் மூன்றே முக்காலுக்குத்தான் போய்ச் சேர்கிறது. கல்லறைத் தோட்டத்து வாசலை நாலு மணிக்குப் பூட்டுகிறார்கள்.