தொழில் குரூப்பு

திருவொற்றியூர் குப்பத்தில் தொழில் என்றால் கடலுக்குப் போவதுதான். மற்றதெல்லாம் வெறும் வேலை. ஆகவே, பத்தாவதில் பள்ளிக்கூடமே மெச்சும்படி மார்க் வாங்கிய நர்மதா, "ம்மா, நான் தொழில் குரூப்பு எடுக்கப்போறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியதும் பவுனம்மாளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பொம்பளைப் பிள்ளையைக் கடலுக்கு அனுப்பவா பள்ளிக்கூடம் நடத்துகிறார்கள்?

மீன் கூடையைப் பக்கத்தில் வியாபாரம் செய்யும் சிலுவையம்மாளிடம் ஒப்படைத்துவிட்டு, இடுப்பில் செருகிய முந்தானையோடு மகள் பின்னாலேயே பள்ளிக்கூடத்துக்குப் போய் நின்றாள். நர்மதா டெபோரா டீச்சரிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"இன்னா டீச்சர், எங்க வூட்டு ஆம்பள கடல்ல அல்லாடறது பத்தாதா? எம் பொண்ணையும் தொழிலுக்கு இஸ்துகினு போறீங்களா?"

டீச்சருக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு இருக்கிறதே! "ஐயோ, கடலுக்கு இல்லம்மா. மெஷின் வேலை கத்துக்கொடுக்கிற குரூப். நானே வேணாம்னுதான் சொல்லிட்டிருக்கேன். மார்க் பத்தாதவங்கதான் இதைக் கேட்டு வருவாங்க. இவளுக்கு ஃபர்ஸ்ட் குரூப்பே கிடைக்கும்."

பவுனம்மாளின் கோபம் மகள் பக்கம் திரும்பியது. "அப்புறம் இன்னாடி? டாக்டரு, இன்ஜினியரு ஆவறது கசக்குதா உனுக்கு?"

நர்மதா பதறவில்லை. "எண்ணூர் தாண்டி நடுக்கடல்ல நைனாவோட போட்டு என்ஜின் நின்னுபூட்சே, நெனப்பு கீதா? கரையில நீ மண்ணுல பொரண்டு அயுதே. குப்பமே அயுதுச்சு. வேற போட்டுல கட்டி இஸ்துகினு வந்து பாத்தா, டீசல் பைப்புல ஒரு சின்ன அடைப்பு. அத்த எடுக்க போட்டுல ஒருத்தருக்கும் தெரில. யாராச்சும் கத்துக்கணும்ல?"

அன்று பவுனம்மாளுக்கு அழுவதைத் தவிர வேறெதுவும் தோன்றவில்லை. பக்கத்தில் சும்மா நின்றிருந்த இந்தப் பெண் இத்தனை நாளாக இதையா மனசுக்குள் வைத்திருந்தாள்? பெருமை தாங்கவில்லை அவளுக்கு.

"டீச்சர்," என்றாள், "மார்க்கு ஜாஸ்தின்னு சேக்கமாட்டீங்களா இன்னா? சேத்துக்கோங்க."

கூடைக்குத் திரும்பியதும் சிலுவையம்மாள் பிடித்துக்கொண்டாள். "பொண்ணு இன்னா குரூப்பு, அக்கா?"

"தொழில் குரூப்பு."

"ஐயய்யோ, கடலுக்கா?"

"கடலுக்குப் போனவங்கள வூடு கொண்டாந்து சேக்குற தொழிலு" என்றாள் பவுனம்மாள். சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது.